அம்மாவுக்கு 'இஸ்' போடாத மூன்று மாதம்

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி போட்டதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் நாம் கூடப்போகும் நாளுக்கு ஒரு மலர் போடலாம், ஆளுக்கொரு பழைய நினைவு எழுதிக் கொடுங்கள் என்று பேச்சு வந்தது. உடனே அவள் "மை மதர் ஆர்" என்று மட்டும் தட்டி, பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் நாலு வைத்தாள். அரை மணி நேரத்துக்குள் உங்களில் பாதிப் பேர் அதே முகத்தைப் போட்டுவிட்டீர்கள்.

எனக்குக் கோபம் இல்லை. ஆறாம் வகுப்பில் நீங்கள் பார்த்தது பாதிக் கதை, அதற்குத்தான் சிரித்தீர்கள். மீதிப் பாதி நடந்தபோது நமக்கு விளையாட்டு பீரியட். நீங்கள் எல்லோரும் மைதானத்தில் இருந்தீர்கள். ஆகவே மலருக்கு நான் அதையே எழுதுகிறேன். இருபத்தேழு வயதில் பழைய கதை பேச உட்கார்ந்துவிட்டாளே என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும்.

அந்த வருடம்தான் நம் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் மீடியம் வந்தது. ஒரு அறை, நாற்பது பேர். புதுப் பெயின்ட் வாசம் ஜூன் முழுக்கப் போகவில்லை. காலாண்டுப் பரீட்சையில் இங்கிலீஷில் தேறாதவர்கள் பக்கத்து அறைக்கு, தமிழ் மீடியத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லும்போது சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ என்று எனக்கு ஒரே பயம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வெளி மாநில லோடு லாரியில் போய்க்கொண்டிருந்தார், மாதத்தில் நாலைந்து நாள் கண்ணில் படுவார். என்னை அந்த அறையில் சேர்க்க வரிசையில் நின்றது அம்மா. சேர்க்கை ஃபாரத்தில் கையெழுத்துக்குப் பதில் அம்மா வைத்த ரேகையில் நீல மசி பாதி, எண்ணெய்க் கறை பாதி. "சொல்லிப்போட்டேன் கண்ணு, ஒர்க் ஷாப் பூராத்துக்கும் சொல்லிப்போட்டேன், என்ற புள்ள இங்கிலீசு மீடியமுன்னு," என்று அன்று வழி நெடுக அம்மா பேசிக்கொண்டு வந்தது. அப்படிச் சொல்லிவிட்ட பிறகு நான் எப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் போக முடியும்?

அம்மாவுக்கு வேலை பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு பட்டறையில். லேத்தில் கடைந்து வரும் புஷ் என்னும் இரும்பு வளையங்களின் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். சூடு தணிக்கப் பால் மாதிரி வெள்ளையாக ஓடும் கூலன்ட் தண்ணீர், தரையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல், மண்ணெண்ணெயில் நனைத்துக் கை துடைக்கத் திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். அந்தக் கலர்த் துணித் துண்டுகளில் நல்லதாகப் பொறுக்கி நான் புத்தகத்துக்கு அடையாளம் வைத்துக்கொள்வேன். என் புத்தகத்தில் மண்ணெண்ணெய் வாசம் அடித்ததற்குக் காரணம் அதுதான். கேட்டீர்களே, அப்போது நான் சொல்லவில்லை.

அம்மாவின் கையில் கேஜ் என்று ஒரு உருளை இருக்கும். இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். சிவப்பு வளையம் போட்ட மறுமுனை நுழையவே கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் நல்ல பெட்டி. ஒன்று தவறினாலும் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு, ரிஜெக்ட் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒரு நாளில் எத்தனை நூறு முறை சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கும் என்று இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தேய்ந்துபோய்த் தூக்கிப்போட்ட ஒரு கேஜை அம்மா எனக்குக் கேட்டு வாங்கித் தந்தது. அதைப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவேன். பளபளவென்று, கையில் எடுத்தால் குளிர்ந்து, கனமாக இருக்கும்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். நம் ஊர்ப் பேச்சு உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் நம்மைப் போன்ற பொடிசுகளிடம்கூட "எறங்கிக்குங்க" என்பார். பால்காரரிடம் "ஏனுங்க", கீரை விற்க வருகிறவரிடம் "எவ்வளவுங்க". வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த 'ங்க'வைக் கேட்டு மயங்கிப் போவார்கள். அந்த 'ங்க' எங்கள் தெருவரைக்கும் வராது. பட்டறை ஓனரம்மா எல்லோரிடமும் தேனாகப் பேசும். எங்கள் அம்மாவிடம் மட்டும் வா, போ, எடு, வெய். அவர்களின் பையன், நம்மைவிடச் சின்னவன், எங்கள் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பான். அம்மா அவனுக்கு "இந்தாங்க தம்பி" என்று கொடுக்கும். நானும் வீட்டில் "அம்மா வந்துச்சு, அம்மா போச்சு" என்று பேசுகிறவள்தான். நீங்கள் எல்லோரும் "எங்கம்மா சொன்னாங்க" என்று பேசுவதைக் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஜூலையில் மிஸ் இஸ், ஆர் நடத்தினார். போர்டில் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதினார். இந்தப் பக்கம் இஸ், ஒருவனுக்கு, ஒருத்திக்கு, ஒரு பொருளுக்கு. அந்தப் பக்கம் ஆர், பல பேருக்கு. புரியாமல் விழித்தவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார். இஸ் என்றால் இருக்கிறான், இருக்கிறாள், இருக்கிறது. ஆர் என்றால் இருக்கிறார்கள்.

மற்றவர்கள் அதை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது வேறு மாதிரி விழுந்தது. இருக்கிறார்கள் என்றால் இருக்காங்க. அப்படியானால் இங்கிலீஷிலும் 'ங்க' இருக்கிறது, அதற்குப் பேர் ஆர். மறுநாள் வீட்டைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. நாய்க்கு இஸ், வீட்டுக்கு இஸ், எனக்குப் பிடிக்காத சித்தப்பாவுக்கு இஸ். அம்மாவுக்கு மட்டும் ஆர். மை மதர் ஆர் எ வர்க்கர். எழுதிவிட்டு அந்த வரியைத் தனியாக ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டேன். அத்தனை திருப்தி.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு நினைவிருக்கும் பாதி. மிஸ் அந்த வரியை உரக்க வாசித்தார். "ஏன் அம்மணி, உங்கம்மா எத்தன பேரு?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், அவன் இப்போது நம் குழுவின் அட்மின், "ஊடு நெறைய அம்மாவுங்க மிஸ்" என்றான். மறுபடியும் சிரிப்பு. அதற்குப் பிறகு எனக்கு 'பல அம்மா' என்று பேர் வைத்தீர்கள். அரையாண்டு வரைக்கும் அதுதான் என் பேர்.

அன்று சாயங்காலத்துக்குள் விதி எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. ஒருவர் என்றால் இஸ், அவ்வளவுதான், மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புரிந்த பிறகும் நான் மாற்றவில்லை. பட்டறையில் எல்லோரும் அம்மாவுக்குக் கொடுத்த அதே வா, போவை நானும் என் கையால் நோட்டில் எழுதுவதா என்று இருந்தது. அடுத்த வாரமும் அம்மாவுக்கு ஆர். அதற்கடுத்த வாரமும் ஆர். மிஸ் சிவப்பு மையால் வட்டம் போடுவார், நான் அடுத்த பக்கத்தில் அதையே எழுதுவேன். ஆகஸ்ட் முழுக்க அப்படியே போனது.

கடைசியில் ஐம்பது வரி எழுதச் சொன்னார். இஸ் வைத்து ஐம்பது வரி, அதில் அம்மாவும் இருக்க வேண்டும். பட்டறையில், அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து எழுதினேன். ஐந்து வரி, அதையே பத்து முறை. தி ஓனர் இஸ் எ மேன். ஹிஸ் வைஃப் இஸ் எ வுமன். தி ஹெட்மாஸ்டர் இஸ் எ மேன். மை டீச்சர் இஸ் எ வுமன். மை மதர் ஆர் எ வர்க்கர்.

மிஸ்ஸிடம் கொடுத்தேன். பேனா சரி, சரி, சரி, சரி என்று இறங்கி ஐந்தாவதில் நின்றது. பிறகு பக்கத்தைப் புரட்டினார். பத்து முறையும் அதே இடம். வட்டம் போட்டு முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. "தெரியாம எழுதலை நீ. நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வா," என்றார். காலாண்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது என்ன தப்பு செய்தாய் என்று கேட்கவில்லை. அரை நாள் லீவு சொல்ல வேண்டுமே என்று மட்டும் சொன்னது. அந்த அறையில் இருக்க எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. இரண்டையும் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாத வயது.

மறுநாள் மதியம், நீங்கள் மைதானத்துக்கு ஓடிய பிறகு, நான் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றேன். மிஸ் மேஜையில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. எதிரே ஒரு காலி நாற்காலி. முந்தின வாரம் நம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா காரில் வந்தபோது அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். வாங்க, உட்காருங்க என்று சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்தார் மிஸ். அன்று நோட்டுக் கட்டு எடுக்கப் போன நான் பார்த்தேன்.

எங்கள் அம்மா வந்தது. பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தது. நகக்கண்ணில் கருப்பு, முந்தானையில் கூலன்ட் தெறித்த வெள்ளைப் பொட்டுகள்.

"வா. ஏன் இவ்ளோ நேரம்? அப்படி நில்லு," என்றார் மிஸ்.

அம்மா நின்றது. மிஸ் பொறுமையாகத்தான் பேசினார். பெண் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் திமிர் இருக்கிறது, வேண்டுமென்றே தப்பாக எழுதுகிறாள், இப்படியே போனால் பக்கத்து வகுப்புக்குத்தான் அனுப்ப வேண்டும், அங்கே போனால் உனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி என்றார். என் தப்பு இன்னது என்றும் விளக்கினார். உன்னைப் பற்றி எழுதும்போது ஒரு ஆளைப் பல ஆள் மாதிரி எழுதுகிறாள் என்று சொல்லி நோட்டை அம்மா பக்கம் திருப்பி வைத்தார்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் குனிந்து பார்த்தது. சிவப்பு வட்டங்கள் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தது. பக்கத்தைத் திருப்பி, அதிலும் வைத்தது.

"எல்லாம் ஒரே எடத்துல விழுந்திருக்குதுங்களே," என்றது.

மிஸ்ஸுக்குப் புரியவில்லை.

"ரிஜெக்ட்டு அங்கொண்ணு இங்கொண்ணு வந்தா கை தப்புங்க. இப்படி வரிசையா ஒரே எடத்துல வந்தா செட்டிங்கே அப்படின்னு அர்த்தம். பீஸத் திட்டி ஒண்ணும் ஆகாது. மெசின நிறுத்திப் பாக்கோணும்." பிறகு என் பக்கம் திரும்பியது. "ஏங்கண்ணு, எதுக்கு இப்படி எழுதறே?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. பட்டறையில் யாரும் உன்னை வாங்க, போங்க என்று சொல்வதில்லை, அந்தப் பையன்கூடச் சொல்வதில்லை, அதனால் நானாவது எழுதுகிறேன் என்று ஏதோ உளறினேன். அழுதேன் என்று மட்டும் நினைவிருக்கிறது. மூக்கைத் துடைக்கப் பையிலிருந்து ஒரு பனியன் துண்டை எடுத்தேன். மண்ணெண்ணெய் வாசத்தில் இன்னும் கண் எரிந்தது.

அம்மா என்னைக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"தப்பு பீஸுன்னு தெரிஞ்சே நல்ல பெட்டில போட்டா அதுக்கு என்ன பேரு?"

பட்டறையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

"இனிச் சரியா எழுதிப்போடு," என்றது அம்மா. பிறகு மிஸ்ஸைப் பார்த்தது. குரலை உயர்த்தவில்லை. பட்டறையில் லேத்துக்காரரிடம் அளவு தப்பு என்று சொல்லும் அதே குரல். "என்ற புள்ள ஒழுங்கா எழுதும், அது என்ற பொறுப்புங்க. ஆனா செட்டிங் மாறோணும்னா நீங்களும் ஒண்ணு பண்ணோணும். நான் வந்ததுலருந்து நீங்க என்னைய வா, நில்லுங்கறீங்க. போன வாரம் வந்தவங்களுக்குச் சொன்ன வாங்க எனக்கும் ஒண்ணு சொல்லிப்போடுங்க மிஸ். சொல்ல வேண்டியவங்க சொல்லிட்டா, என்ற புள்ள அத இங்கிலீசுக்குள்ள போயித் தேடாது."

நாற்காலியில் உட்கார்ந்தது யார், டீ குடித்தது யார் என்று நான்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். அம்மா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தது.

மைதானத்திலிருந்து உங்கள் கூச்சல் கேட்டது. மிஸ் டிபன் பாக்ஸை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்றைக்கு மிஸ்ஸுக்கு என்னுடைய இன்றைய வயதுதான் இருக்கும். எனக்கு அவர் பெரிய மலை மாதிரி தெரிந்தார். வாழ்க்கையில் யாருமே தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்ற திகைப்பு அந்த முகத்தில் இருந்திருக்கிறது. நான் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். என் கதை முடிந்தது, சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்று நினைத்தேன்.

"உக்காருங்க," என்றார் மிஸ். மெதுவாகத்தான். ஆனால் 'ங்க' தெளிவாகக் கேட்டது.

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தது. பேச அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒரு நிமிடம் முழுசாக உட்கார்ந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த இந்தியா மேப்பைப் பார்த்தது, அப்பா இப்போது எந்த ஊரில் இருப்பார் என்று தேடியதோ என்னவோ. பிறகு எழுந்து, "வாரேனுங்க," என்று கிளம்பியது.

கேட்டுக்கு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தது. என் விரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கம். ஒரு நாளில் நூறு நூறாகப் பீஸ் பார்த்து ஒன்றைக்கூடக் கீழே போடாத கை.

காலாண்டுப் பரீட்சையில் மை மதர் என்ற தலைப்பிலேயே பத்து வரி கேட்டார்கள். மிஸ் வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. பத்து வரியிலும் இஸ் எழுதினேன். முதல் இஸ் எழுதும்போது கை தயங்கியது. அப்போதுதான் அந்த ஐம்பது வரி நினைவுக்கு வந்தது. ஓனருக்கு இஸ், ஹெட்மாஸ்டருக்கு இஸ், மிஸ்ஸுக்கு இஸ். எங்கள் அம்மாவுக்கும் அதே இஸ். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மொழிக்கு எங்கள் தெரு எது, அவர்கள் தெரு எது என்று தெரியவே தெரியாது. அதற்குப் பிறகு எனக்கு இங்கிலீஷ் மேல் பயம் வந்ததே இல்லை.

நான் அந்த அறையிலேயே இருந்தேன். பதினோரு பேர் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்கள். அவர்களில் ஒருத்திதான் பத்தாம் வகுப்பில் நம் பள்ளியிலேயே முதலில் வந்தாள், மறந்துவிட வேண்டாம். அவர்கள் யாரையும் இந்தக் குழுவில் காணோம். நேற்று தேடிப் பிடித்து ஐந்து பேரைச் சேர்த்திருக்கிறேன். அட்மின் நீக்கினால் திரும்பச் சேர்ப்பேன்.

அம்மா அந்த ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த வாரமே பட்டறையில் அந்தப் பையனிடம், என்னை அக்கான்னு கூப்பிடுங்க தம்பி, தண்ணி தாரேன் என்று சொல்லிவிட்டது. ஓனரம்மா வந்து, பள்ளிக்கூடம் போறது மகளா, நீயா என்று கேட்டதாம். "ரெண்டு பேருந்தானுங்க," என்றதாம் அம்மா. மறுநாளே அம்மாவைக் கேஜ் மேஜையிலிருந்து எடுத்து, புஷ்களை எண்ணெயில் கழுவும் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டது அம்மா. ஐந்து வாரம் கழித்துக் கோபிக்கு அனுப்பிய ஒரு லோடு முழுசாகத் திரும்பி வந்தது, துளை அளவு சரியில்லை என்று. அதன் பிறகு கேஜ் மறுபடி அம்மாவின் கைக்கு வந்தது. பையன் அக்கா என்று கூப்பிட்டான். ஓனரம்மா கடைசிவரைக்கும் ஒரு 'ங்க' சொல்லவில்லை. அம்மாவும் கடைசிவரைக்கும் கேட்பதை விடவில்லை.

என்னிடம் இருந்த கேஜ், வாடகை வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்தது. இப்போது நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அதுபோல ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. நல்லது, கெட்டது பார்த்து வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. அறிக்கையில் இஸ், ஆர் தப்பாக விழுவதில்லை. எங்கள் செக்‌ஷனைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவை நான் வாங்க, போங்க என்றுதான் சொல்கிறேன். புதிதாக வந்த பசங்களையும் சொல்ல வைத்திருக்கிறேன்.

ஆகவே என் பக்கத்தில் "மை மதர் ஆர்" என்று தலைப்புப் போட்டு, நாலு மஞ்சள் முகத்தையும் அப்படியே அச்சடியுங்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

நாம் கூடும் நாளில் மிஸ் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் அம்மாவும் வராங்க. வரவேற்பில் யார் நிற்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். வாங்க என்று சொல்லுங்கள். மறந்துவிட்டாலும் பரவாயில்லை, அவங்களே கேட்டு வாங்கிக்குவாங்க.